மகிழுந்துப் பொறியறைத் தூய்மையாக்கம்

மகிழுந்துப் பொறியறைத் தூய்மையாக்கம் என்பது மகிழுந்தின் முன்மூடிக்குக் கீழுள்ள பொறியிலும் அதனைச் சுற்றியுள்ள உறுப்புகளிலும் படிந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, உப்பு, சருகு முதலியவற்றை நீக்கும் பராமரிப்புப் பணி ஆகும். பேச்சு வழக்கில் முன்மூடி பானெட் என்றும் பொறி எஞ்சின் என்றும் வழங்குவதால், இப்பணி எஞ்சின் கழுவுதல் என்ற பெயரிலேயே பெரிதும் அறியப்படுகிறது. அப்பெயர் ஓரளவு தவறான எண்ணத்தைத் தருவதாகும். இப்பணியின் பெரும்பகுதி துடைத்தும் தூரிகையால் தேய்த்துமே முடிக்கத்தக்கது. வீட்டில் இதைச் செய்யும்போது நேரும் சேதங்களுக்கு முதன்மைக் காரணம் அழுக்கு எஞ்சுவதன்று. நீரை மிகுதியாகவும் அழுத்தத்துடனும் பாய்ச்சுவதே ஆகும்.

கடற்காற்றும் நெல்வயலும் ஒருங்கே அமைந்த ஊர்களில் இப்பணிக்குத் தனித்த தேவை உண்டு. புதுச்சேரி - கடலூர் சாலையில் அமைந்துள்ள தவளக்குப்பமும் அதன் சுற்றுப்புற ஊர்களும் இதற்கு எடுத்துக்காட்டாகும். கிழக்கே நல்லவாடு போன்ற மீனவ ஊர்களின் பக்கமிருந்து உப்புக் காற்று வீசுகிறது. தெற்கே பாகூர் வரை பரந்துள்ள வயல்களில் அறுவடை முடிந்ததும் எலிகள் குடியிருப்புகளை நாடுகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெள்ளமும் வருவதுண்டு. இம்மூன்றும் வண்டியில் முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று பொறியறை. வீட்டு வாசலில் எளிய கருவிகளைக் கொண்டு, வண்டிக்கும் செய்பவருக்கும் கிணற்று நீருக்கும் தீங்கின்றி இப்பணியைச் செய்யும் முறை இக்கட்டுரையில் விளக்கப்படுகிறது.

தேவை

பொறியறை பளபளப்பாக இருப்பதால் வண்டியின் ஆற்றலோ எரிபொருள் சிக்கனமோ கூடுவதில்லை. இதன் முதன்மைப் பயன் கசிவுகளைக் கண்டறிதலே. பல ஆண்டுப் பிசுக்கு படிந்த பொறியில் புதிய எண்ணெய்க் கசிவு கண்ணுக்குப் புலப்படாது. தூய்மையான பொறியிலோ ஒரு துளி கசிந்தாலும் அது தொடங்கும் இடம் தெரிந்துவிடும். எண்ணெயும் தூசியும் சேர்ந்த தடித்த படிவு வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. சூடான வெளியேற்றுக் குழாய்க்கு அருகில் அது புகையவும், அரிதாகத் தீப்பற்றவும் கூடும்.

முன் கண்ணாடிக்குக் கீழே, துடைப்பான்கள் பொருத்தப்பட்டுள்ள பள்ளத்தில் வேப்பிலையும் புங்கஞ் சருகும் சேர்வது மரநிழலில் நிறுத்தப்படும் வண்டிகளில் வழக்கம். இப்பள்ளத்தின் வடிகால் துளைகள் சருகினால் அடைபட்டால், மழைநீர் வெளியேற வழியின்றிப் பயணியர் அறைக்குள்ளோ மின்னணுப் பெட்டியின் மீதோ வடியும். வண்டிக்குள் நீர் வருகிறது என்று கூரையையும் கதவு இரப்பரையும் சோதிப்போர் பலர், இத்துளைகளைப் பார்ப்பதில்லை. கையால் சருகை அள்ளிவிட்டு மெல்லிய குச்சியால் துளையைத் திறந்துவிடும் ஐந்து நிமிட வேலை, பொறியைக் கழுவுவதைவிடப் பயனுள்ளது என்றே கூறலாம்.

பழைய வண்டியை விற்பதற்கு முன் பொறியைக் கழுவிப் பளபளக்கச் செய்யும் வழக்கமும் உண்டு. இது கசிவை மறைப்பதற்கும் பயன்படுவதால், அண்மையில் கழுவப்பட்ட பொறியைக் காணும் வாங்குநர் வண்டியைச் சில கிலோமீட்டர் தொலைவு ஓட்டிய பின்னர் முன்மூடியை மீண்டும் ஒருமுறை திறந்து பார்ப்பது நன்று.

ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறை இப்பணியைச் செய்தால் போதுமானது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஆயுத பூசையை ஒட்டி வண்டிகளைத் தூய்மை செய்வது மரபு. இப்பூசை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக, செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ வருவதால் அது பொருத்தமான காலமே. எளிதில் ஆவியாகும் துப்புரவுப் பொருட்களைப் பயன்படுத்தியிருந்தால், அவற்றின் ஆவி முற்றிலும் அகலும் வரை திறந்த பொறியறைக்கு அருகில் கற்பூரம் ஏற்றுதல் கூடாது. மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் இரண்டாம் முறை செய்யலாம்.

உப்பும் நீரின் தன்மையும்

கடலலைகள் உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றில் உலர்ந்து உப்புத் துகள்களாகின்றன. இவற்றின் படிவு கரையோரத்தில் மிகுதி; உள்நாடு செல்லச் செல்ல விரைவாகக் குறையும். எனவே நல்லவாட்டில் திறந்த வெளியில் நிறுத்தப்படும் வண்டிக்கும் வில்லியனூரில் நிறுத்தப்படும் வண்டிக்கும் தேவைப்படும் கவனிப்பு ஒன்றன்று.

சமையலுப்பு எனப்படும் சோடியம் குளோரைடு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைக் கடந்ததும் காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கரைசலாக மாறும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடு இதனினும் மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கோடையில் கூட உப்புச் சாடி பிசுபிசுப்பதற்கு இதுவே காரணம். இதே நிகழ்வு பொறியறையிலும் நடைபெறுகிறது. மழையில் நனையாத வண்டியிலும் உப்புத் தூசி படிந்த திருகாணிகளும் மின்னிணைப்புகளும் இரவுதோறும் ஈரமாகின்றன. அவ்வீரம் மின்சாரத்தைக் கடத்தும் ஈரமாக இருப்பதால் துருவும் அரிப்பும் விரைவாகின்றன. ஆகவே கடலோரத்தில் பொறியறையைத் துடைப்பதன் நோக்கம் அழகைவிட உப்பை அகற்றுதலே.

இங்கு ஒரு முரண் உண்டு. உப்பை அகற்றப் பயன்படுத்தும் நீரே உப்பு நீராக இருக்கக்கூடும். புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீருடன் கடல்நீர் கலப்பது நன்கறியப்பட்ட சிக்கலாகும். உவர்ப்பான ஆழ்குழாய்க் கிணற்று நீரால் கழுவி அப்படியே உலரவிட்டால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் இணைப்புகளின் இடுக்குகளில் தங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம், நீரில் கரைந்த மொத்தத் திண்மங்களின் ஏற்கத்தக்க அளவை லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடங்களில் 2000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்றும் வகுத்துள்ளது. பொறியறையை இறுதியாகத் துடைப்பதற்கு 500க்குக் குறைவான நீரே ஏற்றது. சேமித்த மழைநீர் இதற்கு மிகச் சிறந்தது.

வீடுகளில் பயன்படும் எதிர்மறைச் சவ்வூடு நீர்த்தூய்மிகளிலிருந்து, அதாவது ஆர்.ஓ. கருவிகளிலிருந்து, வெளியேறும் கழிவுநீரை வீணாக்காமல் வண்டி கழுவப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக உள்ளது. சிக்கனம் பாராட்டத்தக்கதே. ஆயினும் கருவி பிரித்தெடுத்த உப்புகள் அனைத்தும் அக்கழிவுநீரில்தான் இருக்கும். தரை கழுவ அதனைப் பயன்படுத்தலாம், பொறியறைக்கு ஆகாது.

நீரும் மின்னணுக் கருவிகளும்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற பழைய வண்டிகளின் பொறியறையில் மின்கருவிகள் சிலவே இருந்தன. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நீர் புகுந்தால் வண்டி கிளம்பாது. மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் மீண்டும் கிளம்பிவிடும். அக்காலத்தில் பொறியின் மீது குழாய் நீரைப் பாய்ச்சியவர்கள் பெரிய இழப்பின்றித் தப்பியதற்கு இதுவே காரணம். பிற்காலத்தில் மாசு வெளியீட்டு விதிகள் படிப்படியாக இறுக்கப்பட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளை நிறைவேற்ற வேண்டிய பொறியில் காற்று, வெப்பம், அழுத்தம், சுழற்சி முதலியவற்றை அளக்கும் உணரிகளும் அவற்றை இணைக்கும் எண்ணற்ற மின்னிணைப்புகளும் உள்ளன. பழைய வண்டிக்குப் பொருந்திய கழுவும் முறை இவற்றுக்குப் பொருந்தாது.

மழையில் ஓடும் வண்டிக்கு நீர் தாங்கும் திறன் இருக்கத்தானே வேண்டும் என்ற வினா இயல்பானது. அத்திறன் உண்டு, ஆனால் அது எவ்வகை நீருக்கு என்பதைப் பொறுத்தது. உறைகளின் நீர்த்தடுப்பு ஐபி என்னும் குறியீட்டால் வகைப்படுத்தப்படுகிறது. அதன் இரண்டாம் இலக்கம் 7 எனில், ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் தீங்கு தரும் அளவுக்கு நீர் புகாது என்று பொருள். உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சலுக்கான சோதனை வேறு. பன்னாட்டுச் சீர்தர நிறுவனத்தின் 20653 ஆம் எண் தரத்தில் 9கே என்று குறிக்கப்படும் அச்சோதனையில், 80 பாகை செல்சியசு வெப்பநிலையுள்ள நீர் 80 முதல் 100 பார் அழுத்தத்தில் 10 முதல் 15 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து பாய்ச்சப்படுகிறது. ஒன்றில் தேறிய உறுப்பு மற்றதிலும் தேறும் என்பதில்லை. வீட்டுப் பயன்பாட்டுக்கு விற்கப்படும் அழுத்தக் கழுவிகளும் 100 பார் அளவை எட்டக்கூடியவை என்பது இங்கு கருதத்தக்கது. மேலும் சோதிக்கப்படுவது புதிய உறுப்பு. பத்து ஆண்டுகள் பொறியின் வெப்பத்தில் கிடந்து இறுகிப்போன இரப்பர் அடைப்பான் அதே அழுத்தத்தைத் தாங்கும் என எதிர்பார்க்க இயலாது.

இவ்வாறு புகும் நீரின் விளைவு உடனே தெரிவதில்லை. இணைப்பிக்குள் தங்கிய ஈரம் செப்பு ஊசிகளில் மெல்லப் பச்சை படரச் செய்து, சில மாதங்கள் கழித்தே எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும். அப்பழுதை முன்னர் நடந்த கழுவலுடன் எவரும் தொடர்புபடுத்துவதில்லை. தீப்பொறிச் செருகிகள் அமர்ந்துள்ள குழிகள், மின்னாக்கியின் காற்றுத் துளைகள், உருகிப் பெட்டி, காற்று வடிகட்டியின் வாய் ஆகியவை நீர் புகுந்தால் மிகுதியாகப் பாதிக்கப்படுபவை. இவற்றை ஸ்பார்க் பிளக், ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, ஏர் பில்டர் எனச் சொன்னால் எந்தப் பணிமனையிலும் புரிந்துகொள்வர்.

முன்னேற்பாடுகள்

பொறி முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். ஓடி நின்ற வண்டியின் வெளியேற்றுக் குழாய்த் தொகுதி சில நூறு பாகை வெப்பத்தில் இருக்கும். அதன்மீது குளிர்ந்த நீர் பட்டால் உலோகம் திடீரெனச் சுருங்கி வெடிப்பு ஏற்படலாம். எழும் ஆவியால் முகமும் கையும் வெந்துபோகலாம். குறைந்தது ஒரு மணி நேரமாவது காத்திருத்தல் வேண்டும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் செய்வதே எளிது. சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. உள்ளிருக்கும் குளிர்விப்பு நீர்மம் அழுத்தத்தின் காரணமாக 100 பாகைக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே அது கொதித்து மேலே பீறிடும்.

ரேடியேட்டரின் மின்விசிறி, சாவியை எடுத்த பின்னரும் வெப்பத்தைப் பொறுத்துத் தானே சுழலத் தொடங்கும் வண்டிகள் உள்ளன. தோளில் தொங்கும் துண்டு, துப்பட்டா, சேலைத் தலைப்பு, தழையக் கட்டிய வேட்டி ஆகியவை இவ்வேலைக்கு உகந்தவை அல்ல. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். மின்கல முனைக்கும் வண்டியின் உலோக உடலுக்கும் இடையில் இவை பட்டால் குறுக்கு மின்னோட்டம் பாய்ந்து நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும். கடற்காற்று பலமாக வீசும் ஊர்களில் முன்மூடியைத் தாங்கும் கம்பி அதற்குரிய குழியில் சரியாகப் பொருந்தியுள்ளதா எனப் பார்ப்பதும் இன்றியமையாதது.

அடுத்து மின்கலத்தின், அதாவது பேட்டரியின், இணைப்பைக் கழற்ற வேண்டும். எதிர்முனையை முதலில் கழற்றி இறுதியில் பூட்டுவது விதி. வண்டியின் உடல் எதிர்முனையுடன் இணைக்கப்பட்டிருப்பதால், நேர்முனையை முதலில் கழற்ற முயலும்போது ஸ்பேனர் தவறி உடலில் பட்டால் பெரும் தீப்பொறி எழும். மின்கலத்திலிருந்து வெளியேறும் ஐதரசன் வளி அப்பொறியில் வெடிக்கவும் கூடும். சில வண்டிகளில் மின்கலத்தைக் கழற்றினால் வானொலி, கண்ணாடி ஏற்றி முதலியவற்றின் அமைப்புகள் அழிந்துவிடுகின்றன. உரிமையாளர் கையேட்டை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

செய்முறை

முதல் கட்டம் உலர்ந்த முறையில் செய்யப்படுகிறது. சருகுகளைக் கையால் அகற்றி, மென்மையான வண்ணத் தூரிகையால் தூசியை மேலிருந்து கீழாகத் தட்டிவிட வேண்டும். தடித்த எண்ணெய்ப் பிசுக்கைப் பழந்துணியாலோ மரக்கரண்டியாலோ வழித்தெடுக்கலாம். இவ்வாறு துணியோடு போகும் எண்ணெய் நீரில் கலப்பதில்லை என்பதால், இக்கட்டத்தில் எவ்வளவு நேரம் செலவழிக்கிறோமோ அவ்வளவு நீர் பின்னர் மிச்சமாகும்.

இரண்டாம் கட்டத்தில் மின்னாக்கி, காற்று வடிகட்டியின் வாய், உருகிப் பெட்டி, கண்ணுக்குத் தெரியும் மின்னிணைப்புகள் ஆகியவை நெகிழிப் பைகளால் மூடப்பட்டு இரப்பர் வளையத்தால் கட்டப்படுகின்றன. எண்ணெய் ஊற்றும் மூடியும் எண்ணெய் அளவுகோலும் இறுக்கமாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். வண்டி கழுவும் ஷாம்பூவை நீரில் கரைத்துக் கைத் தெளிப்பானில் நிரப்பி, துணியின் மீது தெளித்துத் துடைப்பது பெரும்பாலான பரப்புகளுக்குப் போதும். நெகிழி மூடிகள், நீர்மத் தொட்டிகள், சக்கர வளைவின் உட்பக்கம், முன்மூடியின் ஓரங்கள் ஆகியவற்றை இவ்வாறு துடைக்கலாம். முன்மூடியின் உட்புறத்தில் ஒலி தடுக்கும் பஞ்சு விரிப்பு இருந்தால் அதனை நனைக்கக் கூடாது; அது எளிதில் உலராது.

பிசுக்கு மிகுந்த உலோகப் பகுதிகளில் மட்டும் நீரில் கரையும் பிசுக்கு நீக்கியைத் தூரிகையால் பூசி, உலருமுன் ஈரத்துணியால் பலமுறை துடைக்க வேண்டும். நீர் ஊற்றியே ஆக வேண்டுமெனில் பூவாளி போதுமானது. செடிக்கு ஊற்றும் அளவுக்கு மேல் அழுத்தம் தேவையில்லை. அழுத்தக் கழுவியை ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள் மீது காட்டினால் அவை மடிந்து காற்றோட்டம் தடைபடும்.

மின்கல முனைகளில் வெண்மையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் படிவு, கந்தக அமிலத்தின் தாக்கத்தால் உண்டாவது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி ஆப்பச் சோடாவைக் கரைத்துப் பழைய பல்தூரிகையால் தேய்த்தால், நுரை எழுந்து அமிலம் நடுநிலையாகும். நுரை அடங்கியபின் நல்ல நீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்தி, முனைகளைப் பூட்டியபின் மேலே வாசலின் தடவலாம். மின்கலத்தின் காற்றுத் துளைகள் வழியாகச் சோடாக் கரைசல் உள்ளே செல்லக் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்தே இதைச் செய்தல் வேண்டும்.

உலர்த்துதல் பலராலும் புறக்கணிக்கப்படும் கட்டம். பைகளை அகற்றி, இடுக்குகளில் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, முன்மூடியைத் திறந்தபடியே இரண்டு மூன்று மணி நேரம் வெயிலில் விட வேண்டும். பின்னர் மின்கலத்தை இணைத்துப் பொறியைப் பத்து நிமிடம் ஓடவிட்டால் எஞ்சிய ஈரம் வெப்பத்தால் நீங்கும். மூடிய கொட்டகைக்குள் இவ்வாறு ஓடவிடுதல் கூடாது. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சுவளி உயிரைப் போக்கவல்லது. பொறியைக் கிளப்புமுன் துணி, தூரிகை, பை அனைத்தையும் எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறியறையில் மறந்து விடப்பட்ட துணி, சுழலும் வாரில் சிக்கவோ வெளியேற்றுக் குழாயில் பட்டுத் தீப்பற்றவோ கூடும்.

தவிர்க்க வேண்டிய பொருட்கள்

பெட்ரோலால் பொறியைத் துடைப்பது எவ்வகையிலும் கூடாது. பெட்ரோல் ஆவி தீப்பற்றக்கூடிய தாழ்ந்த வெப்பநிலை உறைநிலைக்கு ஏறத்தாழ 40 பாகை கீழே உள்ளது. அதாவது எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும் அதன் ஆவி தீப்பற்ற ஆயத்தமாகவே இருக்கும். மண்ணெண்ணெயும் டீசலும் அந்த அளவுக்கு ஆபத்தானவை அல்ல எனினும், டீசல் தெளித்துக் கழுவும் பழைய வழக்கம் இன்றைய வண்டிகளுக்கு ஏற்றதன்று. குளிர்விப்பு நீர்மக் குழாய்கள் பெரும்பாலும் எத்திலீன்-புரோப்பிலீன் வகை இரப்பரால் ஆனவை. இவ்விரப்பர் வெப்பத்தையும் நீரையும் நன்கு தாங்கும். பெட்ரோலிய எண்ணெய் பட்டாலோ உப்பி வலுவிழக்கும். அவ்வாறு வலுவிழந்த குழாய் நெடுஞ்சாலையில் வெடித்தால் பொறியே சூடேறிக் கெட்டுவிடும். டீசல் விட்டுச்செல்லும் எண்ணெய்ப் பூச்சு தூசியை மேலும் ஈர்ப்பதும் ஒரு குறை. கழுவிய அன்று கறுப்பாக மின்னுவதே அதன் ஒரே சிறப்பு.

எரிசோடா கலந்த கடுங்காரக் கரைசல்கள் அலுமினியத்தை அரிக்கும். இன்றைய பொறிகளின் மேற்பகுதி பெரும்பாலும் அலுமினியமே. மினுமினுப்பூட்டும் சிலிக்கோன் தெளிப்புகள் சுழலும் வார்களில் பட்டால் வார் வழுக்கும். கழிப்பறை கழுவும் அமிலங்களைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

எலிகள்

பொறியறையின் வெதுவெதுப்பும் இருளும் எலிகளுக்கு ஏற்றவை. கடித்த கம்பிகள், வைக்கோல், எச்சம் ஆகியவை காணப்பட்டால் அவற்றை உலர்ந்த நிலையில் தட்டிவிடக் கூடாது. எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல், தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் தொற்றக்கூடியது. கையுறையும் முகமூடியும் அணிந்து, கிருமிநாசினி கலந்த சோப்புக் கரைசலைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் திரட்டியெடுத்துப் புதைக்க வேண்டும். சலவைத் தூள் கரைசல் உலோகத்தை அரிக்கும் என்பதால் இங்கு ஏற்றதன்று. உறை கிழிந்த கம்பி ஏதேனும் தென்பட்டால், அதனை மின்வினைஞர் சரிசெய்யும் வரை மின்கலத்தை இணைக்காமல் விடுவதே பாதுகாப்பு. எலி கடித்த கம்பிகளில் ஏற்படும் குறுக்கு மின்னோட்டத்தால் வண்டிகள் தீப்பற்றுவதுண்டு. நாப்தலீன் உருண்டை, புகையிலை ஆகியவற்றை வைக்கும் வழக்கம் உள்ளது. இவற்றின் மணம் சில நாட்களில் குறைந்துவிடும். ஓரிடத்திலேயே வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காமல் வண்டியை எடுத்து ஓட்டுவதும், அருகில் தவிட்டு மூட்டையோ தீவனமோ வைக்காதிருப்பதும் அவற்றினும் பயன் தரும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள்

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீரால் தென்பெண்ணையில் வெள்ளம் பெருகி, பாகூர் பகுதி ஊர்களும் நீரில் சூழப்பட்டன. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டிக்குப் பொறியறைத் தூய்மையாக்கம் என்பது வேறு பொருள் கொள்கிறது.

முதல் விதி, சாவியைத் திருகாதிருத்தல். காற்றுக் குழாய் வழியாக உருளைக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப் போல நீர் அமுங்காது. மேலேறும் உந்துதண்டு நீரில் முட்டி நிற்க, அதனைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கிளப்பாமல் பணிமனைக்கு இழுத்துச் செல்லப்படும் வண்டியைப் பெரும்பாலும் சிறு செலவில் மீட்க இயலும். ஒருமுறை கிளப்பிப் பார்த்த வண்டிக்குப் பொறியையே பிரிக்க வேண்டியதாகலாம். வழக்கமான காப்புறுதியில் இத்தகைய பொறிச் சேதம் அடங்காது என்பதும், அதற்கெனப் பொறிக் காப்பு என்ற கூடுதல் பிரிவு தனியே விற்கப்படுகிறது என்பதும் பலர் வெள்ளத்திற்குப் பின்னரே அறிபவை.

காப்புறுதி கோர எண்ணுவோர் வண்டியைக் கழுவுமுன் நீர் ஏறிய உயரம் தெரியும்படி ஒளிப்படங்கள் எடுத்து, காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் காணப்பட்டால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். வெள்ளச் சேற்றில் சாக்கடை நீரும் கலந்திருக்கும் ஆதலால், கையுறையும் உயரமான காலணியும் இன்றி அதனைத் தொடலாகாது. சேறு இறுகுமுன், மின்கலத்தைக் கழற்றிய நிலையில், அழுத்தமற்ற நல்ல நீரால் அகற்றுவது வரை வீட்டில் செய்யலாம், மீதி பணிமனைக்குரியது.

மின், கலப்பின, எரிவளி வண்டிகள்

மின்சார மகிழுந்துகளிலும் கலப்பின மகிழுந்துகளிலும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் செம்மஞ்சள் நிற உறையுடன் காணப்படும். மகிழுந்துகளில் இவற்றின் மின்னழுத்தம் பெரும்பாலும் சில நூறு வோல்ட்டு ஆகும். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்னோட்டமே ஆபத்தானதாகக் கருதப்படுகிறது. 12 வோல்ட்டு மின்கலத்தைக் கழற்றியதால் மட்டும் இப்பகுதி பாதுகாப்பாகிவிட்டது எனக் கொள்ளக் கூடாது. இவ்வண்டிகளில் நெகிழி மூடிகளின் மேற்புறத்தைச் சற்றே ஈரமான துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அழுத்தப்பட்ட இயற்கை எரிவளியில் ஓடும் வண்டிகளில் கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 200 பார். அதனைக் குறைக்கும் கருவி பொறியறையில் இருக்கும். அதன் இணைப்புகளைத் தளர்த்துவதோ குறடு கொண்டு தொடுவதோ கூடாது. எரிவளி மணம் வந்தால் வேலையை நிறுத்தி, கலத்தின் அடைப்பிதழை மூடி, எந்த மின் பொத்தானையும் தொடாமல் விலக வேண்டும்.

கழிவு

பொறியறையிலிருந்து வடியும் நீரில் எண்ணெய், பிசுக்கு நீக்கி, குளிர்விப்பு நீர்மம் ஆகியவை கலந்திருக்கும். கிணற்றடி, ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம் ஆகிய இடங்களில் இப்பணியைச் செய்தல் கூடாது. மணற்பாங்கான கடலோர நிலத்தில் கழிவுநீர் விரைவாகக் கீழிறங்கும். ஏற்கெனவே உவர்ப்பால் பாதிக்கப்பட்ட நன்னீர்க் கிணறுகளுக்கு எண்ணெயும் சேர்வது பேரிழப்பாகும். வண்டியின் கீழே பழைய தார்ப்பாயோ அட்டையோ விரித்து, சிந்தியதை உமி அல்லது மரத்தூள் தூவி உறிஞ்சியெடுக்கலாம். எண்ணெய் தோய்ந்த உமியையும் துணியையும் அடுப்பெரிக்கப் பயன்படுத்தக் கூடாது. இந்திய அரசின் 2016 ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் பயன்படுத்திய எண்ணெயை அபாயகரக் கழிவாகக் கருதுகின்றன. ஆகவே சேர்த்த எண்ணெயை மூடிய கலத்தில் வைத்து, கழிவெண்ணெய் சேகரிக்கும் பணிமனையில் ஒப்படைப்பதே முறை.

குளிர்விப்பு நீர்மத்தில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நச்சு ஆகும். தரையில் தேங்கிய அதனை நாய், பூனை முதலியவை நக்கிக் குடித்து இறப்பதுண்டு. சிறு குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. பச்சை, நீலம் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் ஏதேனும் சிந்தியிருந்தால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அதனைத் துடைத்து, அவ்விடத்தை நீரால் நன்கு அலச வேண்டும்.